மாற்றுத்திறனாளிக்கு வேலை: எந்தத் தாளை எப்போது, யாரிடம் கொடுப்பது?

என் தம்பிக்கு இரண்டு காதும் கேட்காது. அவன் பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. "அவனுக்கென்ன, ஒதுக்கீடு இருக்கு, எப்படியும் கிடைச்சிடும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். எழுத்துத் தேர்வில் தேறினான். ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்றுவிட்டது. மருத்துவச் சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்த அளவில், திறமை போதாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, ஒரு தேதியைத் தவறவிட்டு, ஒரு கட்டத்தில் டிக் போட மறந்து இழந்தவர்களே அதிகம். ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து சேராது. ஒவ்வொரு படியிலும் நாம் எழுதிக் கேட்க வேண்டும். இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக, தமிழ்நாட்டில் அதை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

முதலில் 1995-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அரசு வேலையில் 3 சதவீதம் என்று சொன்னது. ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. அந்த 3 சதவீதத்தையும் பல துறைகள் "எங்கள் பணி இவர்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லிச் சுருக்கிக்கொண்டன. மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என்று அடையாளம் காணப்பட்ட பணியிடங்களை வைத்து மட்டும் ஒதுக்கீட்டைக் கணக்கிட்டார்கள். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்பான வழக்கில், மொத்தக் காலியிடங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பார்வையற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. இன்று விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அதன் பலனைத்தான் அனுபவிக்கிறோம்.

இப்போது நடைமுறையில் இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. இதில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. அரசுப் பணியில் குறைந்தது 4 சதவீத ஒதுக்கீடு. பார்வையற்றோர், குறைபார்வையுடையோருக்கு 1 சதவீதம். காது கேளாதோர், செவித்திறன் குறைந்தோருக்கு 1 சதவீதம். கை கால் இயக்கக் குறைபாடு உடையோருக்கு 1 சதவீதம். மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், உயரம் குன்றியோர், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் எல்லாம் இந்த வகையில்தான் வருவார்கள். மீதி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உடையோருக்கும், பல்வகைக் குறைபாடு உடையோருக்கும் சேர்த்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் ஏற்ற 21 வகைகளில் எல்லாமே வேலை ஒதுக்கீட்டுக்குள் வராது. தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் இந்த 4 சதவீதப் பட்டியலில் அவர்கள் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இப்போதைக்குச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பித்தால் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம். பணியிடத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற பாதுகாப்பு மட்டும் எல்லோருக்கும் உண்டு.

முதல் படி: சான்றிதழும் அட்டையும்

ஒதுக்கீட்டுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்பதுதான் வாசல். சான்றிதழில் 40-க்குக் கீழே ஒரு எண் இருந்தாலும் ஒதுக்கீடு கிடையாது. ஒரு கண்ணில் மட்டும் முழுப் பார்வையும் இழந்து இன்னொரு கண் நன்றாக இருப்பவருக்கு மருத்துவ விதிப்படி 30 சதவீதம்தான் தருவார்கள். ஒரு காது மட்டும் கேட்காதவரும் இந்தச் சட்டப்படி செவித்திறன் குறைந்தவர் ஆகமாட்டார். இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் வாங்க உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். மருத்துவர்கள் வந்து பரிசோதிக்கும் முகாம் எந்தக் கிழமை, எந்த மருத்துவமனையில் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். போகும்போது ஆதார், புகைப்படங்கள், பழைய மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செவித்திறன் குறைந்தவர்கள் பழைய செவிப் பரிசோதனை (ஆடியோகிராம்) தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை வயதிலிருந்து இந்தக் குறைபாடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்தது, நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை. யூடிஐடி அட்டை என்று சொல்வார்கள். சுவாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வைத்திருந்தாலும் இதையும் வாங்கிவிடுங்கள். மத்திய அரசுத் தேர்வுகளிலும், மாநிலத் தேர்வுகள் பலவற்றிலும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

கையில் வந்ததும் மூன்று விஷயம் சரிபாருங்கள். ஒன்று, பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுபோலவே இருக்கிறதா. இரண்டு, சான்றிதழ் நிரந்தரமானதா, குறிப்பிட்ட ஆண்டு வரைதானா. தற்காலிகம் என்றால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். மூன்று, குறைபாட்டு வகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா. காலிலும் பார்வையிலும் குறைபாடு இருந்தால் பல்வகைக் குறைபாடு என்று வர வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் அப்போதே சொல்லித் திருத்துங்கள். வேலைக்கான அறிவிக்கை வந்த பிறகு திருத்தப் போனால் நாள் போதாது.

பொய்ச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதற்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 91-ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட, அது உண்மையிலேயே தேவைப்படுகிற இன்னொருவரின் இடத்தைப் பறிப்பது.

இரண்டாம் படி: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு

"பதிவு செய்து இருபது வருஷம் ஆச்சு, ஒரு கார்டுகூட வரலை" என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. உண்மைதான். பதிவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் பதிவு செய்யாமலும் விடாதீர்கள். இணையத்திலேயே பதியலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியும்போது மாற்றுத்திறனாளி என்ற விவரமும் ஏறியிருக்கிறதா என்று அச்சிட்ட அட்டையில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அலுவலகத்துக்கு நேரில் போய் முன்னுரிமைக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது.

பதிவால் கைமேல் ஒரு பலன் உண்டு. வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு மற்றவர்கள் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய் என்று பத்தாண்டு வரை கிடைக்கும். பெரிய தொகை இல்லை. ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவருக்குப் புத்தகச் செலவுக்கும் பஸ் செலவுக்கும் ஆகும். அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசத் தேர்வுப் பயிற்சியும் நடக்கும். தம்பி அங்கேதான் படித்தான். ஆசிரியர் பேசுவது அவனுக்குக் கேட்காது. ஆனாலும் அங்கே கிடைத்த குறிப்புகளையும் மாதிரித் தேர்வுகளையும் வைத்துத்தான் முன்னேறினான்.

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் இருக்கிறது. மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் வருவது. பழைய ஆட்கள் விஆர்சி என்பார்கள். உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற பயிற்சி தந்து, நிறுவனங்களோடு தொடர்பும் ஏற்படுத்தித் தருவார்கள். எந்த வேலை ஒத்துவரும் என்று தெரியாமல் குழம்பி நிற்கிற பிள்ளைகளை முதலில் அங்கே அனுப்பி வைக்கச் சொல்வேன். அறிவுசார் குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் என்றால், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: அறிவிக்கையைப் படிப்பது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

அறிவிக்கையில் மொத்தக் காலியிடத்தை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கிறோம். அதற்கு அடுத்த பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அட்டவணை இருக்கும். எந்தப் பதவி எந்த வகைக் குறைபாட்டுக்கு உகந்தது என்று அங்கே எழுத்துகளில் குறித்திருப்பார்கள். ஓஏ என்றால் ஒரு கை, ஓஎல் என்றால் ஒரு கால், பிஎல் என்றால் இரண்டு காலும். பி என்பது பார்வையின்மை, எல்வி குறைபார்வை, டி காது கேளாமை, எச்எச் செவித்திறன் குறைவு. பக்கத்திலேயே அந்த வேலைக்கு உடலால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்றும் குறித்திருப்பார்கள். எஸ் உட்கார்வது, எஸ்டி நிற்பது, டபிள்யூ நடப்பது, பிஎன் குனிவது, ஆர்டபிள்யூ படிப்பதும் எழுதுவதும், எஸ்இ பார்ப்பது, எச் கேட்பது, சி பேசித் தொடர்புகொள்வது. ஒரு தாளில் இந்த எழுத்துகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உங்கள் வகை ஒரு பதவிக்கு நேராக இல்லை என்றால், அந்தப் பதவியை முதல் விருப்பமாகக் கொடுத்து இடத்தை இழக்காதீர்கள்.

மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 3,566 பதவிகள் இப்படி அடையாளம் காணப்பட்டன. அது முடிந்துபோன பட்டியல் அல்ல. பட்டியலில் இல்லாத ஒரு பதவியில் ஏற்கெனவே ஒரு மாற்றுத்திறனாளி பணிபுரிந்தால் அதுவும் அடையாளம் காணப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் "இந்த வேலைக்கு உங்களை எடுக்க முடியாது" என்று ஒருவர் வாயால் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் முழுப் பார்வைக் குறைபாட்டோடு 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்தவர்களில் அவரே முதலாமவர். அவருக்கு முன்பு அந்தப் பணி பார்வையற்றோருக்கு ஆகாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சாதி ஒதுக்கீட்டோடு இது எப்படிச் சேரும் என்று பலர் கேட்கிறார்கள். இது குறுக்காக ஓடும் ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஒருவர் 4 சதவீதத்தில் தேர்வானால், அவர் பிற்படுத்தப்பட்டோர் இடத்திலேயே அமர்த்தப்படுவார். ஆகவே சாதிச் சான்றிதழும் தேவை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் தேவை. ஒன்றைக் காட்டினால் மற்றது போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

இந்த வருடம் உங்கள் வகையில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்றால் இடம் பொதுவில் கரைந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் மற்ற வகை மாற்றுத்திறனாளிகளுக்கு மாற்றித் தரலாம். அப்படியும் யாரும் இல்லாதபோதுதான் மற்றவருக்குப் போக வேண்டும். பின்னடைவுக் காலிப்பணியிடம் என்று அறிவிக்கையில் வருவது இப்படித் தங்கிய இடங்கள்தான். அவற்றுக்குப் போட்டி குறைவாக இருக்கும். கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

வயதும் கட்டணமும்: டிஎன்பிஎஸ்சியில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவருக்கு உச்ச வயதோடு பத்தாண்டு கூடுதல் சலுகை உண்டு. தேர்வுக் கட்டணம் கிடையாது. மத்திய அரசுத் தேர்வுகளில் பொதுப்பிரிவினருக்குப் பத்தாண்டு, ஓபிசிக்குப் பதிமூன்று, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பதினைந்து ஆண்டு தளர்வு. வயது தாண்டிவிட்டது என்று ஓய்ந்திருக்கிற முப்பத்தைந்து வயதுக்காரர்கள் இந்தக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

தேர்வு அறைக்கு முன்

சொல்வதை எழுதுபவர் தேவையா, கூடுதல் நேரம் தேவையா, தரைத்தளத்தில் அறை தேவையா என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். "அன்றைக்குப் போய்க் கேட்டுக்கலாம்" என்று விட்டால் அன்றைக்கு யாரும் தரமாட்டார்கள். மத்திய அரசின் நெறிமுறைப்படி ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது இருபது நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். எழுதுபவரை நாமே அழைத்துப் போகலாமா, அவர்களே தருவார்களா, அவர் எவ்வளவு படித்திருக்கலாம் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். ஒவ்வொரு அறிவிக்கையிலும் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். அதோடு இணைத்திருக்கும் மருத்துவர் கையெழுத்துப் படிவத்தையும் அப்போதே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

40 சதவீதம் இல்லாதவருக்கு எழுதுபவர் கிடையாது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதும்போது கைத் தசை இறுகும் நரம்புக் கோளாறால் எழுத முடியாத விகாஷ் குமார் என்பவர் யுபிஎஸ்சியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. எழுதச் சிரமப்படுகிற மாற்றுத்திறனாளி யாராக இருந்தாலும் கேட்கலாம், 40 என்ற எண் இதற்கு நிபந்தனை ஆகாது என்றது. அதன்பின் 2022 ஆகஸ்டில் அவர்களுக்கெனத் தனி நெறிமுறையே வந்தது. ஆகவே 30, 35 சதவீதச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், வேலை ஒதுக்கீடு இல்லை என்றாலும், தேர்வறை உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

தனியார் நிறுவனத்தில்

தனியார் துறையில் கட்டாய ஒதுக்கீடு இல்லை. மொத்தப் பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி நிறுவனங்களுக்கு அரசு ஊக்கம் தர வேண்டும் என்று மட்டும் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வேறு ஒரு பிடி இருக்கிறது. சம வாய்ப்புக் கொள்கை என்ற ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணிகள் எவை, என்னென்ன வசதி, யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் இதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், அந்தத் தொடர்பு அலுவலருக்கே உங்கள் தேவையை எழுதிவிடலாம். இல்லாவிட்டால், அங்கே நிறையக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று தயாராகப் போகலாம்.

நேர்காணலில் குறைபாட்டை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். என்ன தேவை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "எனக்குக் காது கேட்காது, கூட்டத்தில் பேசுவதை எழுத்தில் தந்தால் போதும்." "கணினியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ போட்டுத் தந்தால் நான் எல்லாம் படிப்பேன், அது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்." கேட்கிறவருக்கு அப்போதே பாதித் தயக்கம் போய்விடும். பெரும்பாலானோர் மறுப்பதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. என்ன செலவாகுமோ, எப்படிச் சமாளிப்பதோ என்ற பயம்தான்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை இணையதளத்திலும் விவரத்தை ஏற்றி வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனியே வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பொது முகாமின் நெரிசலில் சக்கர நாற்காலியோடு போய் வரிசையில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சொந்தமாகத் தொழில் என்றால்

எல்லோருக்கும் அலுவலக வேலை ஒத்துவராது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருவார்கள். கையிலிருந்து போட வேண்டியது திட்ட மதிப்பில் 5 சதவீதம் மட்டும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கிராமத்தில் 4 லட்சத்தில் ஒரு தையலகம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் போடுவது 20,000. மானியம் 1,40,000. மீதி 2,40,000-ஐத்தான் நீங்கள் அடைக்க வேண்டும். மானியம் கையில் வராது. மூன்றாண்டுக்கு உங்கள் பெயரில் வங்கியிலேயே கிடக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். இதைப் புரிந்துகொள்ளாமல் "மானியப் பணத்தைக் காணோம்" என்று வங்கியில் சண்டை போட்டவர்கள் உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான் இது. ஏற்கெனவே நடத்துகிற கடைக்குக் கிடையாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எளிய பணியும், குறைந்த நேரத்துக்கு முழு ஊதியமும் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2012-இல் அரசாணை போட்டது. எண் 52. ஊராட்சியில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னால், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மறுக்கும்போது

வாய்வழிப் பேச்சு வேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோ ஒப்புகைக் கையெழுத்தோ வாங்குங்கள்.

ஒரு துறையில் 4 சதவீதம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். "ஒதுக்கீடு வழங்கப்பட்டதா?" என்று கேட்டால் "விதிப்படி வழங்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாறாக, மாற்றுத்திறனாளிகளுக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டின், அதாவது எந்த வரிசை இடம் யாருக்கு என்று குறித்து வைக்கும் ஏட்டின், நகல் கேளுங்கள். மத்திய அரசில் நூறு இடங்கள் கொண்ட சுழற்சியை இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்து, 1, 26, 51, 76-ஆம் இடங்களை ஒதுக்குகிறார்கள். பதிவேடு கையில் வந்துவிட்டால் எந்த இடம் விடுபட்டது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிவானதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழு. அதற்கும் மேல் மாநில ஆணையர், மத்திய அரசு நிறுவனமென்றால் தலைமை ஆணையர். ஆணையரிடம் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். அவர் பரிந்துரை அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் அந்தத் துறை நடவடிக்கை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். மனுவில் அழுது எழுத வேண்டியதில்லை. தேதி, அறிவிக்கை எண், பதிவெண், எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும்.

வேலையில் சேர்ந்த பிறகு விபத்து நேர்ந்தால்

இந்தக் கடைசி விஷயம் இன்றைக்கு எந்தக் குறைபாடும் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. அரசுப் பணியில் இருக்கும் ஒருவருக்கு விபத்தாலோ நோயாலோ குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லை என்றால், இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வையும் மறுக்கக் கூடாது.

இது தெரியாமல், மருத்துவமனைப் படுக்கையிலேயே விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுத்த ஓர் ஓட்டுநரை எனக்குத் தெரியும். கால் போய்விட்டது, இனி நம்மை யார் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார். கடிதத்தைத் திரும்பப் பெற அவர் மனைவி ஒன்றரை ஆண்டு நடந்தார். உங்கள் வீட்டில் இப்படி யாருக்காவது நேர்ந்தால், அலுவலகத்திலிருந்து தாளோடு யார் வந்தாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். மாற்றுப்பணி கேட்டு 20-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.